அக்காவுக்கு வந்த முதல் கம்ப்ளெயின்ட்

செமஸ்டர் ஜுரம் இறங்கி கொஞ்சம் ரிலாக்ஸா இருப்பீங்க. அரியர் எத்தனைன்னு கேட்டு மூடைக் கெடுக்க மாட்டேன். இந்த வாரம் வேற ஒரு கேள்வி. உங்க வாழ்க்கையில முதன்முதலா உங்களை ஒரு இடத்துல சேர்த்துக்கிட்ட நாள் ஞாபகம் இருக்கா? காலேஜ் கவுன்சலிங்கை விடுங்க, அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நான் கேக்கறது பால்வாடியில, இல்லாட்டி எல்.கே.ஜி.யில சேர்த்த நாளை.

யாருக்கும் ஞாபகம் இருக்காது. காரணம் ரொம்ப சிம்பிள். நம்மை யாரும் வேணாம்னு சொல்லலை. சொல்லியிருந்தா நமக்கு மறந்திருந்தாலும் நம்ம அம்மாவுக்கு மறந்திருக்காது.

என் அக்காவுக்கு மறக்கலை.

2018 ஜூன். நான் கோயம்புத்தூர்ல மெக்கானிக்கல் தேர்ட் இயர். அக்காவைக் கட்டிக்கொடுத்தது தென்காசி பக்கம் ஒரு சின்ன ஊர்ல. அவ பையனுக்கு அப்போ மூன்றரை வயசு. வீட்டுல எல்லாரும் 'குட்டி'ன்னுதான் கூப்பிடுவோம். ஏழாம் மாசத்துலயே பிறந்துட்டான். இன்குபேட்டர்ல பல நாள் இருந்தவன். ஒரு வயசு ஆகியும் உக்காரலை. "சில பிள்ளைங்க லேட்டாத்தான் உக்காரும், ஒன் சின்ன மாமாகூட அப்படித்தான்"னு ஆச்சி சொன்னாங்க. சொந்தக்காரங்க எல்லாரும் ஆளுக்கொரு சின்ன மாமாவை உதாரணம் காட்டினாங்க. அதுலயே எட்டு மாசம் ஓடிப்போச்சு. அப்புறம்தான் டாக்டர் 'செரிப்ரல் பால்சி'ன்னார். தமிழ்ல பெருமூளை வாதம். வளர்ற பருவத்துல மூளையில ஏற்படற ஒரு பாதிப்பு. அந்த பாதிப்பு நாளாக ஆகக் கூடிக்கிட்டே போற வியாதி கிடையாது. அடுத்தவங்களுக்கு ஒட்டிக்கறதும் கிடையாது. தசைகளை அடக்கி ஆள்றதுல சிக்கல், அவ்வளவுதான். குட்டிக்குக் கால் ரெண்டும் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கும். கை நினைச்ச இடத்துக்குப் போகாது. பேச்சு வராது.

ஆனா புரியும். எல்லாம் புரியும். டி.வி.யில வடிவேலு காமெடி ஓடினா, டயலாக் வர்றதுக்கு ஒரு செகண்ட் முன்னாடியே சிரிப்பான். இதைவிட என்ன ஐ.க்யூ. டெஸ்ட் வேணும்?

அந்த ஜூன் மாசம் அக்கா அவனை இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு தனியார் நர்சரிக்குப் போனா. பேர் வேணாம். வாசல்ல மிக்கி மவுஸ் வரைஞ்ச சுவர். உள்ள ஏ.சி. ரூம். அந்த மேடம் ரொம்ப அன்பாத்தான் பேசினாங்களாம். "மத்த பிள்ளைங்களுக்குத் தொந்தரவா இருக்கும். மத்த பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க. ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்க, அதுதான் அவனுக்கும் நல்லது." ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போக ரெண்டு பஸ் மாறணும். மூன்றரை வயசுப் பையனை, அதுவும் தலை நிக்காம சாயற பையனைத் தூக்கிக்கிட்டு, தினமும்.

அன்னிக்கு ராத்திரி அக்கா எனக்கு போன் பண்ணா. நான் மெஸ்ல பரோட்டாவுக்கு க்யூவுல நின்னுக்கிட்டிருந்தேன். எல்லாத்தையும் கேட்டுட்டு நான் சொன்னது இதுதான்: "அவங்க சொல்றதும் கரெக்ட்தானேக்கா?"

அக்கா ஒண்ணும் பேசலை. போனை வச்சுட்டா.

இதை எழுதறதுக்கே எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா இன்னொண்ணையும் சொல்லிடறேன். ஹாஸ்டல்ல என் ரூம் பசங்க யாருக்கும் குட்டியைப் பத்தி அதுவரைக்கும் தெரியாது. மொபைல் வால்பேப்பர்ல அவன் நேரா உக்கார்ந்த மாதிரி தெரியற ஒரே ஒரு போட்டோவைத்தான் வச்சிருந்தேன். அதுல அவனைப் பின்னாடி இருந்து பிடிச்சிருக்கிற அக்கா கையை கிராப் பண்ணியிருந்தேன். மத்தவங்க அவனை ஒளிச்சு வச்சாங்கன்னு பேச எனக்கு அப்போ யோக்கியதை இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னு அப்புறம் தேடிப் பார்த்தேன். நம்ம ஆளுங்க கூகுள் பண்றதுல கில்லாடியாச்சே! மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல வந்து, 2017 ஏப்ரல்ல அமலுக்கு வந்துடுச்சு. அரசு நிதி வாங்கற, அரசு அங்கீகாரம் இருக்கற கல்வி நிறுவனங்கள் பாகுபாடு காட்டாம சேர்த்துக்கணும்னு அதுல இருக்கு. சூப்பர்னு நினைச்சேன். அடுத்து கொஞ்சம் கீழே படிச்சா, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு இருக்கற குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமை உண்டு. எந்த வயசுல? 6 முதல் 18. கல்வி உரிமைச் சட்டம் 2009-ஐ எடுத்தா, அது 6 முதல் 14. மூணு வயசுக்கு மேல முன்பருவக் கல்விக்கு அரசு 'ஏற்பாடு செய்யலாம்'னுதான் இருக்கு. அரசியல் சட்டத்தோட 45-வது பிரிவும், ஆறு வயசு வரைக்கும் அரசு 'முயற்சி செய்யணும்'னு சொல்றதோட நிறுத்திக்குது.

விஷயம் புரியுதா? மூளை வேகமா வளர்றது முதல் சில வருஷத்துல. அந்த வருஷங்கள்ல 'முயற்சி', 'ஏற்பாடு'. உரிமைங்கற வார்த்தை கதவைத் தட்டறது ஆறு வயசுல. எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் நிலைமை. ஆனா சாதாரணப் பிள்ளை ஆறு வயசு வரைக்கும் பள்ளிக்கூடம் போகலைன்னாலும் தெருவுல நாலு பேரோட உருண்டு புரண்டு ஏதோ கத்துக்கும். குட்டி மாதிரிப் பையனுக்கு அந்தத் தெருவும் கிடையாது. திண்ணைதான்.

காது கேக்காத குழந்தை விஷயத்துல இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. பிறந்து 1 மாசத்துக்குள்ள காதைப் பரிசோதிக்கணும், 3 மாசத்துக்குள்ள குறை என்னன்னு உறுதி பண்ணணும், 6 மாசத்துக்குள்ள சிகிச்சையும் பயிற்சியும் ஆரம்பிக்கணும்கறது உலகம் பூரா ஏத்துக்கிட்ட வழிமுறை. வருஷம் இல்லை பாஸ், மாசம்! சென்னையில 1969-ல ஆரம்பிச்ச பால வித்யாலயா பள்ளி, காது கேக்காத சின்னஞ்சிறு குழந்தைகளுக்காகவே நடக்குது. கைக்குழந்தையிலயே அம்மாவையும் சேர்த்து உக்கார வச்சு பேச்சுப் பயிற்சி குடுத்து, மத்தப் பிள்ளைங்க படிக்கற சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைக்கறதுதான் அவங்க நோக்கம்.

குட்டி கதைக்கு வர்றேன். அக்கா வீட்டுலேர்ந்து மூணாவது தெருவுல ஒரு பால்வாடி. அரசாங்க போர்டுல அங்கன்வாடி மையம்னு இருக்கும். ஊர்ல எல்லாருக்கும் பால்வாடிதான். 1975 அக்டோபர் 2-ம் தேதி ஆரம்பிச்ச ஐ.சி.டி.எஸ். திட்டத்துல முளைச்சு, இன்னிக்குத் தமிழ்நாட்டுல மட்டும் 50 ஆயிரத்துக்கும் மேல இருக்கு. சத்துமாவு, முட்டை, எடை பார்க்கிற தராசு. நம்மில் பாதிப் பேர் அங்கே தூங்கி எழுந்தவங்கதான். இப்போ காலேஜ்ல வந்து சீன் போடுறோம்!

அந்த டீச்சர் அக்காவைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்கு என்ன பிடிக்கும்?"

மூன்றரை வருஷத்துல அக்காகிட்ட யாருமே அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. என்ன முடியாதுன்னுதான் எல்லாரும் கேட்டாங்க. டாக்டர் உட்பட. நான் உட்பட.

அதுக்காக டீச்சரைத் தெய்வமாக்கிட வேணாம். அவங்களும் பயந்தாங்க. "நான் ஒருத்தி, ஆயா ஒருத்தி, பிள்ளைங்க இருபத்திரண்டு. எடை எடுக்கணும், ரெஜிஸ்டர் எழுதணும், கர்ப்பிணி வீட்டுக்குப் போகணும். இவன் கீழே விழுந்தா நான்தானே பதில் சொல்லணும்?"னு நேராவே கேட்டாங்க. நியாயமான கேள்வி. அப்போ அவங்களுக்கு இதுக்குன்னு ஒரு பயிற்சியும் கிடையாது. முதல் ரெண்டு வாரம் அக்காவும் கூடவே உக்காரணும்னு பேசி முடிவாச்சு. சாப்பாடுதான் பெரிய பிரச்னை, ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். "அது என் பாடு"ன்னு ஆயா சொல்லிட்டாங்க. ஸ்பூன் காம்புல பழைய சைக்கிள் ட்யூபைச் சுத்திச் சுத்தித் தடியாக்கி அவன் கையில குடுத்ததும் அந்த ஆயாதான். மெல்லிசான காம்பை அவனால பிடிக்க முடியாது, தடியா இருந்தா பிடிப்பான். இந்த ஐடியாவை எங்கேயும் படிச்சதில்லை அவங்க. பக்கத்துல உக்கார்ந்து பார்த்தாங்க, அவ்வளவுதான்.

பிள்ளைங்க எப்படி எடுத்துக்கிட்டாங்க? முதல் நாளே ஒரு வாண்டு கேட்டுச்சாம், "டீச்சர், இவன் ஏன் நடக்க மாட்டேங்கான்?" அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. டீச்சர் அசரலை. "அவன் காலு சொன்ன பேச்சு கேக்காதுடா. ஒனக்கு வாய் சொன்ன பேச்சு கேக்காதுல்லா, அது மாதிரி." விஷயம் முடிஞ்சது. அந்த வாண்டு அடுத்த கேள்வியா முட்டை எப்போ வரும்னு கேட்டுட்டுப் போயிடுச்சு. மூணு நாலு வயசுல கேள்வி இருக்கும், கிண்டல் இருக்காது. 'உஷ், அப்படியெல்லாம் கேக்கக் கூடாது'ன்னு நாம வாயைப் பொத்தறப்பதான் அது ஏதோ அசிங்கம்னு பிள்ளை கத்துக்குது.

தீபாவளி லீவுக்கு நான் ஊருக்குப் போனேன். அக்காவைப் பார்க்க ஒரு பயம். அவ அதைப் பத்திப் பேசவே இல்லை, "போய் குட்டியைக் கூட்டிட்டு வா"ன்னா. பால்வாடியில குட்டி சுவர் மூலையில தலையணை முட்டுக் குடுத்து உக்கார்ந்திருந்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சரிவான், ஆயா ஓடி வந்து நிமிர்த்துவாங்க. டீச்சர் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க மெக்கானிக்கல் படிக்கீங்களாமே? இவனுக்கு ஒரு நாற்காலி செஞ்சு குடுங்களேன்"னாங்க.

ஆஹா, வந்துடுச்சுடா சான்ஸ்! ராத்திரி முழுக்க லேப்டாப்ல டிசைன் போட்டேன். சாயற சீட், ஹைட் மாறும் கால், கீழே வீல், சின்ன மோட்டார் ஒண்ணு. மறுநாள் அதைத் தூக்கிக்கிட்டு மரவேலை பார்க்கிற ஆசாரிகிட்ட போனேன். கண்ணாடியைப் போட்டு ஸ்க்ரீனை நல்லாப் பார்த்தார். "ஜோரா இருக்கு. தம்பி, பையன் காலை அளந்தீங்களா?"

அளக்கலை.

ஆறு செமஸ்டர்ல எத்தனை டிராயிங் போட்டிருப்பேன்! யாருக்காகப் போடறேனோ அவன் பக்கத்து வீட்டுல இருக்கான், அவன் முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவுல எத்தனை சென்டிமீட்டர்னு எனக்குத் தெரியாது. போய் அளந்தேன். 23. அதுக்கப்புறம்தான், வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லிக்குடுக்கற பிசியோதெரபி அக்காவையும் கூப்பிட்டு உக்கார வச்சேன். அவங்க என் டிசைன்ல முக்கால்வாசியை அடிச்சுட்டாங்க. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூணும் 90 டிகிரியில இருக்கணும். பாதம் தொங்கக் கூடாது, பலகையில பதியணும். கால் பின்னிக்காம இருக்க ரெண்டு தொடைக்கும் நடுவுல பஞ்சு சுத்தின ஒரு சின்னக் கட்டை. வயித்துக்கு அரைவட்டம் வெட்டின பலகை முன்னால, கை அதுல தாங்கணும். மோட்டாரா? "எதுக்கு, பறக்கறதுக்கா?"ன்னாங்க. உடம்பு நிமிர்ந்து நின்னாத்தான் கை விடுதலையாகும்கறதை அன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன். விழுந்துடுவோமோன்னு பயந்துக்கிட்டே இருக்கற பிள்ளைக்குக் கலர் பென்சில் பிடிக்கக் கை ஏது?

ஆசாரிகிட்ட மிச்சம் கிடந்த ப்ளைவுட்ல வேலை முடிஞ்சது. கூலியோட சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள்ள.

இங்கே ஒரு சின்ன ஆத்திரத்தைக் கொட்டிக்கறேன், மன்னிச்சுக்கோங்க. எந்தக் காலேஜ் ப்ராஜெக்ட் எக்ஸ்போவுக்குப் போனாலும் குரலால ஓடற ஒரு வீல்சேர் கண்டிப்பா இருக்கும். கண் சிமிட்டினா ஓடற வீல்சேர் அதுக்குப் பக்கத்து ஸ்டால்ல இருக்கும். பரிசு வாங்கும், போட்டோ வரும், அப்புறம் டிபார்ட்மென்ட் ஸ்டோர் ரூம்ல தூசி வாங்கும். அதே ஊர் பால்வாடியில ஒரு பிள்ளை தலையணை முட்டுல சரிஞ்சுக்கிட்டிருக்கும். என்.எஸ்.எஸ். கேம்ப்ல சரிவுப் பாதை கட்டறோம்னு கிளம்பறவங்களுக்கும் ஒரு வார்த்தை: 1-க்கு 12 கணக்கு. வாசப்படி 15 சென்டிமீட்டர்னா பாதை குறைஞ்சது 180 சென்டிமீட்டர் நீளம் வேணும். இடம் பத்தலைன்னு மூணடியில முடிச்சீங்கன்னா அது சறுக்குமரம்.

எல்லாப் பிள்ளைக்கும் நாற்காலி தேவைப்படாது. ஆட்டிசம் இருக்கற குழந்தைக்கு அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு முன்கூட்டியே தெரியணும். பாட்டு, சாப்பாடு, தூக்கம்னு வரிசையா படம் ஒட்டி வச்சு, ஒண்ணு முடிஞ்சதும் அதைக் கழட்டினா பாதி அழுகை நின்னுடும். பார்வை குறைவா இருக்கற பிள்ளைக்கு வெள்ளைத் தட்டுல இட்லி வச்சா எங்கே தெரியும்? கறுப்பிலோ கருநீலத்திலோ தட்டு குடுங்க. காது மந்தமான பிள்ளைகிட்ட ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்னு பேசினா டீச்சர் முகம் இருட்டா இருக்கும், உதடு தெரியாது. திரும்பி நின்னாப் போதும், வெளிச்சம் முகத்துல விழும். காசு செலவே இல்லை. கவனிக்க ஆள் வேணும், அந்த ஆளுக்கு நேரம் வேணும். அங்கேதான் அரசாங்கம் வரணும். 'எல்லாரையும் சேர்த்துக்கோங்க'ன்னு ஒரு சர்க்குலரை மட்டும் போட்டுட்டு இருபத்திரண்டு பிள்ளையோட டீச்சரைத் தனியா விட்டா, பிள்ளை திரும்பவும் மூலையிலதான் இருக்கும். திண்ணை மூலைக்குப் பதிலா பால்வாடி மூலை.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல மாட்டேன். 2013-ல ஆரம்பிச்ச ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல டாக்டர் குழு வேன்ல வந்து அங்கன்வாடிப் பிள்ளைகளை வருஷத்துக்கு ரெண்டு தடவை பரிசோதிக்கணும், குறை தெரிஞ்சா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பணும். 2021 ஜூன்ல நாடு முழுக்க 14 ஆரம்பநிலை மையங்களைத் திறந்தாங்க, அதுல ஒண்ணு சென்னை முட்டுக்காட்டுல இருக்கற தேசிய நிறுவனத்துல. 2023 நவம்பர்ல, மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில எப்படிக் கண்டுபிடிக்கறது, எப்படிச் சேர்த்துக்கறதுன்னு மத்திய அரசு ஒரு வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டுச்சு. ஐ.சி.டி.எஸ். ஆரம்பிச்சு 48 வருஷம் கழிச்சு! அமெரிக்காவுல ஏழைக் குழந்தைகளுக்கான 'ஹெட் ஸ்டார்ட்' 1965-ல தொடங்கிச்சு, சேர்க்கையில 10 சதவீதம் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குன்னு 1972-லயே சட்டம் போட்டுட்டாங்க. ஏழு வருஷம்.

குட்டி ஊருக்குப் பக்கத்துலயே ஆய்க்குடி இருக்கு. அங்கே அமர் சேவா சங்கம்னு ஒண்ணு. ஆரம்பிச்சவர் எஸ். ராமகிருஷ்ணன். நம்மளை மாதிரி இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டிருந்தவர். 1975-ல கடற்படை அதிகாரி தேர்வுல உயரத்துல இருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இல்லாமப் போச்சு. 1981-ல சில குழந்தைகளை வச்சுத் தொடங்கினார். இன்னிக்கு அவங்க பணியாளர்கள் கிராமம் கிராமமா வீடு தேடிப்போய் சின்னக் குழந்தைகளுக்குப் பயிற்சி குடுக்கறாங்க. 2020-ல அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சது. எனக்கு இந்தக் கதை தெரிஞ்சது குட்டியாலதான். அதுவரைக்கும் ஆய்க்குடின்னா குற்றாலம் போற வழியில ஒரு போர்டு, அவ்வளவுதான்.

நாற்காலி பால்வாடிக்குப் போன அன்னிக்கு ஒரு கலாட்டா. எல்லா வாண்டுகளுக்கும் அதுல உக்காரணும்! முன்னால பலகை இருக்கற ராஜா நாற்காலியாச்சே. டீச்சர் டர்ன் போட்டாங்க. குட்டியை இறக்கிப் பாயில உக்கார வச்சுட்டு ஒவ்வொருத்தரா ஏறினாங்க. குட்டி கத்தின கத்துல ஊர் கூடிடுச்சு. அதுவரைக்கும் அவனுக்கு 'என்னுது'ன்னு சண்டை போட ஒரு பொருளும் இருந்ததில்லை, சண்டை போட ஒரு ஆளும் இருந்ததில்லை.

நான் கோயம்புத்தூர் திரும்பினேன். ரூம்ல வால்பேப்பரை மாத்தினேன். கிராப் பண்ணலை. "யார்றா இது?"ன்னு கேட்டானுங்க. "அக்கா பையன். செரிப்ரல் பால்சி. செம சேட்டை"ன்னேன். அவனுங்க ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு மேட்ச் பார்க்கப் போயிட்டானுங்க. இதுக்கா மூணு வருஷம் பயந்தோம்னு இருந்துச்சு.

ஜனவரியில ஒரு மத்தியானம், லேப்ல இருக்கேன், அக்கா போன். ஒரே மூச்சு வாங்கல். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. கீழே விழுந்துட்டானா? ஃபிட்ஸா? "என்னக்கா, என்னாச்சு?"

"டீச்சர் போன் பண்ணாங்கடா. கம்ப்ளெயின்ட்! பக்கத்துல இருக்க பிள்ளை முடியைப் பிடிச்சு இழுத்துப்புட்டானாம். முட்டையப் பிடுங்க வந்துச்சாம் அது. 'ஏம்மா, உங்க பையன் பண்ணுத சேட்டை தாங்கல, வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வைங்க'ன்னாங்கடா!"

சிரிக்கறாளா அழறாளான்னே தெரியலை. பின்னாடி குக்கர் விசில், மாமா குரல், ஆச்சி குரல் எல்லாம் கேக்குது. "ஆச்சிகிட்ட சொல்லிட்டேன், அத்தைகிட்ட சொல்லிட்டேன், எதுத்த வீட்டுக்கும் சொல்லியாச்சு. நீ அம்மாகிட்ட சொல்லிடு, எனக்குக் கை வேலையா இருக்கு. சாயந்தரம் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேக்கணும்லா... என்ன வாங்கிட்டுப் போகட்டும்? அல்வா வாங்கவா?"